ஊழியக்காரம்மா கொடுத்த ஞானஸ்நானம்

போன மாதம் ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நாம் ஏழெட்டுப் பேர் நின்று பேசிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் அறுபதை ஒட்டியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள். பேச்சு நம் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் குருவானவரைப் பற்றிப் போனது. பிரசங்கம் நன்றாகத்தான் பண்ணுகிறாள், ஆனால் அவள் கையால் நற்கருணை வாங்க மனசு ஒப்பவில்லை என்றார் ஒருவர். நாளைக்குப் பேராயர் நாற்காலியிலும் ஒரு பெண்ணை உட்கார வைப்பார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒருவர், "நம்ம சின்ன வயசுல இந்தப் பிரச்சினையே கெடையாது. பொம்பளைக பாயில உக்காந்து பாடுவாக, எந்திரிச்சுப் போயிருவாக," என்றார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள்.

நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் சின்ன வயதில் இந்தப் பிரச்சினை இருந்தது. உங்களில் பாதிப் பேர் அப்போது இந்த ஊரில் இல்லை. இருந்தவர்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை, அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

நான் நாலாம் வகுப்பு முடித்திருந்த கோடை. நம் கோயில் அப்போது ஓட்டுக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வௌவால் எச்சமும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை அடிக்கும். காலால் மிதிக்கிற ஆர்மோனியத்தில் ஒரு கட்டை மட்டும் ஊமை. பாடலில் அந்த இடம் வரும்போது நாங்கள் பிள்ளைகள் வேண்டுமென்றே சத்தமாகப் பாடி நிரப்புவோம். ஆண்களுக்கு பெஞ்சு உண்டு. ஒரு செட்டியார் வீட்டை இடித்தபோது வந்த பர்மாத் தேக்கில், மரக்கடை வைத்திருந்த சபை மூப்பர் செய்து கொடுத்தவை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கோரைப்பாய். அந்த பெஞ்சுகளால் மரக்கடைக்காரர் சொல்வதற்குச் சபையில் மறுபேச்சு இருக்காது. அவருக்கு அடுத்தபடி கணக்கு வாத்தியார். மூன்றாவதாக எங்கள் அப்பா. நூல் மில்லில் டைம்கீப்பராக இருந்தார், சபைக் கமிட்டிக்குச் செயலாளர்.

பங்குனியில் ஐயர் ஓய்வு பெற்றுப் போனார். நம் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். மேலிடத்தில் ஏதோ கோஷ்டிச் சண்டை, வேறு ஐயரை அனுப்பவில்லை. வெளியூர் ஐயர் ஒருவர் மாதம் ஒரு ஞாயிறு பஸ்ஸில் வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளுக்கு ஆள் இல்லை.

அப்போதுதான் ஊழியக்காரம்மாவிடம் கேட்டார்கள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கோயிலுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார். வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வது, நோயாளிகளைப் பார்ப்பது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, இதெல்லாம் அவருக்குச் சபை கொடுத்த வேலை. பெரிய வீட்டு ஆச்சிமார் இரண்டு பேர்கூட அவரிடம் எழுத்துக்கூட்டப் பழகியதாக அம்மா சொல்வாள். குள்ளமான உருவம். நெஞ்சிலிருந்து வரும் கனத்த குரல்.

மரக்கடைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். "வாசிக்கட்டும், ஜெபம் பண்ணட்டும். ஆனா பீடத்துப் படிக்கு மேல ஏற வேணாம்."

"கீழயே நிக்கேன் ஐயா," என்றார் ஊழியக்காரம்மா. "சத்தம் கேட்டாச் சரி."

அப்படியே கீழே நின்றார். முன் பெஞ்சு ஆண்களின் தலைகள் மறைத்ததில் பாயில் இருந்த எங்களுக்கு அவர் தெரியவே மாட்டார். குரல் மட்டும் வரும். அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான், ஆள் தெரியாமல் வரும் அந்தக் குரல்.

வைகாசி முடிவதற்குள் கிணறுகள் அடிமண்ணுக்குப் போய்விட்டன. வாளியில் பாதி சேறு வரும். பிறகு வாந்திபேதி வந்தது. நம் தெருவில் தொடங்கி ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வரை பரவியது. கிணற்றைச் சுற்றி வெள்ளையாக பிளீச்சிங் பவுடர். குடித்த தண்ணீர், தின்ற சோறு, தலையணை எல்லாவற்றிலும் அந்த நாற்றம். அடுத்த வீட்டு ராவுத்தரம்மா பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சுவருக்கு மேலாக எங்களுக்கும் ஒரு குடம் தருவார். குடத்தை வாங்கும்போது அவரும் அம்மாவும் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று மெதுவாகப் பேசிக்கொள்வார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

நம் சபையில் முதலில் போனது தச்சர் மனைவி. வெளியூர் ஐயருக்கு ஆள் அனுப்பினார்கள். நோய் தணியட்டும், அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆண்கள் தச்சர் வீட்டு வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணக்கு வாத்தியாரை அடக்க ஜெபம் செய்யச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றார். மரக்கடைக்காரர் தூரத்தில் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் உள்ளே உடலைக் கழுவி, துணி மாற்றி முடித்து ஈரக்கையோடு வெளியே வந்த ஊழியக்காரம்மா, "தூக்குங்க, போவோம்," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் படி கிடையாது. அவர் குழியின் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண் தள்ளினார்கள். அதன் பிறகு யாரும் அவரிடம் கேட்கக்கூட இல்லை, அடுத்தடுத்து அழைத்துக்கொண்டு போனார்கள். தச்சரின் சின்ன மகளுக்கும் நோய் கண்டு, பிழைக்காது என்று ஆனபோது அவரே ஞானஸ்நானமும் கொடுத்தார். அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டது.

என் தம்பி அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை. அவனுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. புது ஐயர் வரட்டும், சொந்தமெல்லாம் கூப்பிட்டுப் பெரிதாகச் செய்யலாம் என்று அப்பா தள்ளிப்போட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் குடித்ததைக் கக்கினான். மதியத்துக்குள் கண் குழிந்து உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். அது உள்ளே போகவில்லை. உதட்டோரம் வழிந்தது. அம்மா அதைச் சேலையால் ஒற்றி ஒற்றி மறுபடி ஊற்றினாள்.

அப்பா சட்டைகூடப் போடாமல் வெளியே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன், என்னை யாரும் தடுக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் அந்த அறை வாசலில் நின்று, "எக்கா, ஒரு எட்டு வந்துருங்க. பிள்ளைக்கு கண்ணு சொருகுது. ஞானஸ்நானம் குடுத்துருங்க," என்றார்.

ஊழியக்காரம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டே கேட்டார். "செயலாளர் நீங்க சொல்லுதீங்க. மத்தவங்களுக்குச் சம்மதமா?"

"நாஞ் சொல்றேன்ல. யாரு கேட்டாலும் நான் பாத்துக்கிறேன். வாங்கக்கா."

அம்மா அரிசி களைகிற எனாமல் கிண்ணம்தான் கைக்குக் கிடைத்தது. வெள்ளை, விளிம்பில் நீலக்கோடு, ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கும். ராவுத்தரம்மா கொடுத்த தண்ணீரை அதில் ஊற்றினார்கள். ஊழியக்காரம்மா தம்பியை வாங்கவில்லை. அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். பேர் என்ன என்று கேட்டார். அம்மா சொன்னாள். மூன்று முறை தண்ணீர் தொட்டு வைத்தார். தம்பி நெற்றியைச் சுளித்தான். தண்ணீர் பட்டதைப் பிடிக்காத பிள்ளை எப்படிச் சுளிக்குமோ அப்படி. அம்மாவுக்கு அந்தச் சுளிப்பு பெரிய நம்பிக்கையாக இருந்தது. "முழிச்சுக்கிட்டான் பாருங்க," என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டான்.

மறுநாள் அடக்கத்துக்கு அப்பாவே அவனைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். ஊழியக்காரம்மா முன்னால் போனார். பெண்கள் கல்லறைக்குப் போகும் வழக்கம் இல்லாததால் அம்மா வாசல்வரை வந்து நின்றுவிட்டாள். ஒரு பெண் முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தாள் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

ஆவணியில் மழை பெய்தது. கிணறுகள் ஊறின. நோய் போனது. கோயிலில் ஆட்கள் மறுபடி நிறைந்து உட்கார்ந்தார்கள், பேச்சும் தொடங்கியது. மரக்கடைக்காரர் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் யாரோ, உங்க ஊரில் பொம்பளை குழிக்கு ஜெபம் பண்ணுகிறாளாமே, ஆம்பளைகளுக்கு என்ன வந்தது என்று சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. ஊழியக்காரம்மா அளவுக்கு மீறிப் போய்விட்டார், அடக்கம்கூடப் போகட்டும், ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார். கணக்கு வாத்தியாருக்குத் தொண்டை சரியாகியிருந்தது. பெண்கள் சபையில் அமைதியாக இருக்கவேண்டும் என்கிற வசனத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு கூட்டம் போட்டார்கள். பெண்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தோம். ஊழியக்காரம்மா பக்கவாட்டுக் கதவருகே நின்றார்.

"யாரு அனுமதி குடுத்தது?" என்று கேட்டார் மரக்கடைக்காரர். "தச்சர் ஒண்ணும் தெரியாத ஆளு, விடுவோம். செயலாளர் வீட்லயும் நடந்திருக்கு. செயலாளர் சொல்லட்டும்."

அப்பா எழுந்தார். மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு முடியாமப் போச்சு. வீட்ல எல்லாரும் கலங்கிப் போயிருந்தோம். அந்தம்மா வந்தாக, ஞானஸ்நானம் குடுத்தாக. யாரும் கூப்பிட்டதா எனக்கு நெனவு இல்ல."

அன்று சட்டையில்லாமல் ஓடியவர் அக்கா என்று கூப்பிட்டார். இன்று அந்தம்மா என்றார். எனக்கு அதுதான் முதலில் விளங்கியது. மற்றது பிறகுதான் விளங்கியது.

எல்லாரும் ஊழியக்காரம்மாவைப் பார்த்தார்கள். அவர் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பின் மரக்கடைக்காரரிடம் சொன்னார். "என்னைய என்ன சொல்லணுமோ சொல்லுங்க. ஆனா அந்தப் பிள்ளைகளுக்குக் குடுத்தது ஞானஸ்நானம்தான். அத இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க."

"அத நீங்க முடிவு பண்ண முடியாதும்மா," என்றார் கணக்கு வாத்தியார்.

அப்போது என் பக்கத்தில் பாய் அசைந்தது. அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இவுகதேன் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தாக," என்றாள், அப்பாவைக் கையால் காட்டி. "நான் பிள்ளைய மடில வச்சிருந்தேன். எனக்கு நல்லா நெனவு இருக்கு."

அப்பா தரையைப் பார்த்தார். மரக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். கோபமாகப் பேசவில்லை, அன்பாகத்தான் பேசினார். "உக்காருங்க தங்கச்சி. பிள்ளையப் பறிகொடுத்த மனசு. எதையாச்சும் பேசத்தேன் சொல்லும்."

"பொம்பளைக சொல்றத கமிட்டில எடுத்துக்கிற வழக்கம் இல்ல," என்றார் கணக்கு வாத்தியார். "அந்தப் பேச்ச விட்டுட்டு மேல போவோம்."

"அப்ப எம் பிள்ளை?" என்றாள் அம்மா. "அவனுக்குக் குடுத்தது செல்லாதுன்னா, அவன் யாரு?"

அதற்கும் பதில் சொல்லாமல் மேலே போனார்கள். அம்மா சொன்னதைக் கோயிலில் இருந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் அவள் வாயே திறக்காதது போலக் கூட்டம் நடந்தது. ஊழியக்காரம்மா சபை வேலையை விட்டு, அறையைக் காலி செய்யவேண்டும். தச்சர் மகளுக்கு ஐயர் வந்ததும் மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும். செத்துப்போன பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கை தூக்கச் சொன்னார்கள். அப்பாவும் தூக்கினார். அம்மா கடைசிவரை உட்காரவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொன்னால் நீங்கள் நம்பவேண்டும். எங்களை ஒரு அடி அடித்ததில்லை. மரக்கடைக்காரர் முகம் கோணினால் சபையில் தனித்துப் போய்விடுவோம் என்று பயந்தார். ஒரு சின்ன பொய் சொன்னால் எல்லாம் ஆறிவிடும், ஊழியக்காரம்மாவை நாலு வார்த்தை கண்டித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்த வயதில் எனக்கு அது தெரிகிறது. தெரிவதால் மனசு இளகிவிடவில்லை.

ஊழியக்காரம்மா கிளம்பிய காலையில் அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மில்லுக்குப் போய்விட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு கறுப்புக் குடை, அவ்வளவுதான் அவர் சாமான். தச்சரைத் தவிர வேறு யாரும் வழியனுப்ப வரவில்லை. வராதவர்கள் வீட்டுக்கெல்லாம் ஊழியக்காரம்மா போய்க் கழுவித் துடைத்திருக்கிறார் என்று நான் அங்கே நின்றபடி ஒவ்வொரு வீடாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ஏன் எந்திரிச்சீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். "இனி ஒங்க வீட்டுக்காரர் முகத்துலல்லா தினமும் முழிக்கணும்."

"அவுக என் மூஞ்சியில முழிக்கணும்ல," என்றாள் அம்மா.

ஐப்பசியில் புது ஐயர் வந்தார். பெரிய படிப்புப் படித்தவர், கண்டிப்பானவர். தச்சர் மகளுக்கு மறு ஞானஸ்நானம் என்று சொன்னதும் காரணம் கேட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "சாகக் கிடக்கிறப்ப யார் குடுத்தாலும் செல்லும். ஆணோ பெண்ணோ, வித்தியாசம் இல்லை. சபைச் சட்டத்துலேயே இருக்கு. இது உங்கள்ல ஒருத்தருக்குமா தெரியாது?"

"தெரியாது ஐயரே," என்றார் அப்பா.

அம்மா அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தாள். "அப்ப அவுகளத் திரும்பக் கூப்பிடலாம்ல?" என்றாள்.

"கமிட்டி கேட்டா நான் தடை சொல்ல மாட்டேன்."

கமிட்டி கேட்கவில்லை. முடிந்துபோனதைக் கிண்ட வேண்டாம் என்றார் மரக்கடைக்காரர். பார்ப்போம் என்றார் அப்பா. அந்தப் பார்ப்போம் அவர் ஆயுசு முழுக்க நீண்டது. பல வருடம் செயலாளராகவே இருந்தார். பெரிய அடக்கம், நிறைய மாலைகள். அம்மா அவருக்கு நேரத்துக்குச் சோறு போட்டாள், கடைசியில் படுக்கையில் கிடந்தபோது புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். ஆனால் சாயங்காலம் அவர் குடும்ப ஜெபத்துக்கு எங்களை உட்கார வைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொல்லைப்புறத்தில் வேலை வந்துவிடும். அந்த எனாமல் கிண்ணத்தில் பிறகு அரிசி களையவில்லை. பரண்மேல் இருந்தது. நான் வேலைக்கு வெளியூர் போன சமயத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் பழைய சாமானோடு அள்ளிப் போட்டுவிட்டார்கள். இப்போது பழம்பொருள் கடைகளில் அந்த மாதிரிக் கிண்ணங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விளிம்பு பெயர்ந்தது ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் கடந்து போக முடியவில்லை.

ஊழியக்காரம்மா அதற்கப்புறம் அதிக காலம் இருக்கவில்லை. செய்தி எங்களுக்கு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை அவரைப் பார்த்தோம். அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஒக்கூரில் இருந்த சித்தி வீட்டுக்குப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒக்கூரில் இறங்கவில்லை. பஸ் மாறி இன்னும் வெகுதூரம் போனோம். ஊழியக்காரம்மா ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக தச்சர் விசாரித்துச் சொல்லியிருந்தார்.

விடுதியின் பின்கட்டில், புளியமரத்துக்குக் கீழே, அவர் குந்தி உட்கார்ந்து சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடியாடிய பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிட்டார்கள். புகையில் கண் சிவந்து நீர் வடிந்தது. எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார், இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா ஓடிப்போய் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

ஐயர் சொன்னதை அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். செல்லும் என்று சொல்லிவிட்டார், சட்டத்திலேயே இருக்கிறதாம் என்றாள்.

"எனக்கு அது அப்பமே தெரியும்," என்றார் ஊழியக்காரம்மா.

"பிறகு ஏன் அன்னைக்குச் சொல்லலை?"

"நாஞ் சொல்லி யாரு கேப்பா? நீங்க பாத்தத நீங்க சொன்னீங்க. அதையே கேக்கல."

அம்மா கொஞ்ச நேரம் அண்டாவின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "பிள்ளைக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க. அதுக்குத்தேன் வந்தேன்," என்றாள்.

ஊழியக்காரம்மா தலையை ஆட்டினார். "நான் இப்பம் வாய்விட்டுப் பண்ணுறதில்ல. வர மாட்டேங்கு. மனசுக்குள்ள கூட வர மாட்டேங்கு. என்னைய மன்னிச்சிருங்க."

அந்தக் குரலைக் கேட்கத்தான் நானும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். அவள் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை, வீட்டில் அது அப்பாவின் வேலை. முதலில் வெறும் மூச்சுதான் வந்தது. பிறகு பேசினாள், யாரிடமோ வீட்டு விஷயம் சொல்வது போல. இந்த அக்காவுக்கு இடுப்பு வலி என்றாள். விறகு பச்சையாக இருக்கிறது, புகை தாங்கவில்லை என்றாள். தம்பியின் பேரைச் சொன்னாள். ஞானஸ்நானம் வாங்கியபோது அவன் முகத்தைச் சுளித்ததைச் சொன்னாள். என் பேரைச் சொன்னாள். அப்பா பேரைச் சொல்லவில்லை. அங்கே நின்றுவிட்டாள்.

"எனக்கு முடிக்கத் தெரியல," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அதுக்கென்ன. அப்படியே இருங்க," என்றார் ஊழியக்காரம்மா. சாம்பல் படிந்த கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டுகளோடு வரிசைக்கு ஓடினார்கள். உள்ளேயிருந்து யாரோ, "ஆயா, அண்டா எங்க?" என்று சத்தம் போட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார்.